முன்பின் பார்த்திராத பாட்டு

டெக்சாஸில் பள்ளிக் கொயரில் பாடும் பிள்ளை இருக்கும் வீட்டில், மார்ச் பிறந்துவிட்டால் ‘யு.ஐ.எல்.’ என்ற மூன்றெழுத்து ஓயாமல் காதில் விழும். யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் என்பது அதன் முழுப்பெயர். 1910இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவணைப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விவாதப் போட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இன்று அமெரிக்கக் கால்பந்து முதல் கணக்குப் போட்டி வரை, பள்ளிகளுக்கிடையே நடப்பவை பெரும்பாலும் அதன் விதிப்புத்தகத்துக்குள் அடங்கிவிட்டன. சேர்ந்திசைக் குழுக்களுக்கு அது நடத்தும் மதிப்பீட்டுக்கு ‘கான்சர்ட் அண்ட் சைட் ரீடிங்’ என்று பெயர். முதலில் மேடை. மாதக்கணக்கில் பயின்ற பாடல்களைக் குழு பாட, மூன்று நடுவர்கள் கேட்டுக் குறிப்பெழுதுவார்கள். மேடையிலிருந்து இறங்கிய கையோடு பிள்ளைகள் வேறோர் அறைக்குப் போவார்கள். அங்கே வேறு மூன்று நடுவர்கள். கொடுக்கப்படுவது யாரும் முன்பின் பார்த்திராத பாட்டு. சில நிமிடம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு அங்கேயே பாட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு, ஒன்று உயர்ந்தது. இரண்டிலும் ஒன்று வாங்கிய குழுவுக்கு ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ கோப்பை. ஜார்ஜியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களிலும் பெயர் மாறி இதே போன்ற மதிப்பீடு நடக்கிறது. அந்த நாட்களைப் பற்றி நினைவில் தங்கியிருப்பதையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கும்போது எனக்கு ஒரு கருத்து உறுதிப்படுகிறது. பெற்றோர் பூங்கொத்தோடு வந்து உட்காரும் மேடையைவிட, பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்காத அந்த இரண்டாவது அறைதான் பிள்ளைகளுக்கு அதிகம் தருகிறது. மதிப்பீட்டில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இசைத்தாள் பிள்ளைகளின் கைக்கு வரும். அனுமதி கிடைக்கும் வரை திறக்கக் கூடாது. நடுவர் ஒருவர் விதிகளை வாசிப்பார். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் ஆசிரியர் பேச ஆரம்பிப்பார்: என்ன சுருதி, எத்தனை தாளம், ஆல்ட்டோ எங்கே தாவுகிறது, டெனாரும் பாஸும் எங்கே ஒரே ஸ்வரத்தில் வந்து சேர்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் எந்த இடத்தில் ஒரு ஷார்ப் காத்திருக்கிறது. ஆனால் எதையும் பாடிக் காட்டக் கூடாது, பியானோவில் வாசித்துக் காட்டவும் கூடாது. அதனால் அந்த நிமிடங்களில் அறை விசித்திரமாக இருக்கும். பிள்ளைகள் சுருதியில்லாமல் டோ, மி, ஸோ என்று முணுமுணுப்பார்கள். விரல்கள் தொடையில் தாளம் தட்டும். வலது கை காற்றில் ஏறி இறங்கும். இறுக்கிய முஷ்டி டோ. தரைக்கு இணையாக விரித்த உள்ளங்கை மி. கட்டைவிரல் கீழே பார்த்தால் ஃபா. சுட்டுவிரல் மேலே ஏறினால் டி, அடுத்து டோவுக்குப் போகத் துடிக்கும் ஸ்வரம். குரல் வாயைவிட்டு வராவிட்டாலும், ஒவ்வொரு பிள்ளையின் மண்டைக்குள்ளும் அவரவர் குரல்வரிசை ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பியானோவில் சுருதி மட்டும் கொடுப்பார்கள். நாற்பது ஐம்பது பேர், அதுவரை உலகத்தில் அவர்களுக்கு இல்லாத ஒரு பாட்டை, நான்கு குரலாகப் பிரிந்து பாடத் தொடங்குவார்கள். இடையில் ஒரு வரிசை தடுமாறும். வழி தெரிந்த ஒரு குரல் அழுத்திப் பாட, மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு மீண்டும் பாதைக்கு வரும். முடிவில் எல்லோரும் ஒரே ஸ்வரக்கூட்டில் வந்து நிற்கும்போது அந்தப் பதினைந்து வயது முகங்களில் தெரிவது மேடையில் கிடைக்கும் மகிழ்ச்சியிலிருந்து வேறானது. தாங்களே கண்டுபிடித்தவர்களின் மகிழ்ச்சி அது.

மேடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் நீளும் வரி, எல்லோர் வாயிலும் ஒரே வடிவத்தில் திறக்கும் உயிரெழுத்து, பக்கவாத்தியமே இல்லாமல் சுருதி இறங்காமல் நிற்கும் பாட்டு ஆகியவை உழைப்பால் மட்டுமே வருபவை. நடுவர்களின் தாளில் குரல்வளம், நுட்பம், இசையுணர்வு என்ற தலைப்புகளில் எழுதப்படும் குறிப்புகள் ஒரு நல்ல ஆசிரியருக்குப் பொக்கிஷம். ஆனால் அந்தத் தரம் எதை அளக்கிறது என்று கேட்டால் விடை அவ்வளவு தெளிவாக இல்லை. பாடல்கள் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குழுவின் பலவீனம் தெரியாத பாட்டாகப் பார்த்து எடுப்பது ஆசிரியரின் திறமை. பிறகு ஜனவரி முழுக்க, பிப்ரவரி முழுக்க, அதே பக்கங்கள். ஒவ்வொரு குரல்வரிசைக்கும் தனித்தனி ஒலிப்பதிவு இப்போது பிள்ளைகளின் போனுக்கே வந்துவிடுகிறது; பேருந்தில் கேட்டு, குளிக்கும்போது பாடி, ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியாமலேயே ஒரு பிள்ளை தன் வரிசையைப் பிசகில்லாமல் பாடிவிட முடியும். பக்கத்தில் நிற்பவர் குரலைப் பிடித்துக்கொண்டே ஓர் ஆண்டைக் கடந்துவிடவும் முடியும். நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டே இருக்கிறது. 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பல்லேலக்கா’வை ஈதன் ஸ்பெர்ரி சேர்ந்திசைக்காக அமைத்துப் பதிப்பித்தார். தமிழில் ஓர் எழுத்தும் அறியாத அமெரிக்கப் பிள்ளைகள், ஒலிகளை மட்டும் கேட்டுப் பழகி, கூடத்தையே அதிரவைக்கும்படி அதைப் பாடுகிறார்கள். கேட்கும் தமிழருக்குக் கண்ணில் நீர் வரும். அது உண்மையான கலை நிகழ்வு; அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் வேறொரு தமிழ் வரியைக் கொடுத்தால் படிக்க முடியாது. மேடைப்பாட்டை மட்டும் வைத்து ஒரு குழுவின் இசையறிவை அளப்பது, பல்லேலக்காவை வைத்து அவர்களின் தமிழறிவை அளப்பதற்குச் சமம்.

இந்த வாதம் புதிதல்ல. அமெரிக்கச் சேர்ந்திசையின் தொடக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ இங்கிலாந்துத் தேவாலயங்களில், ஒருவர் விவிலியச் சங்கீத வரியை எடுத்துக்கொடுக்க, சபை அதைத் திரும்பப் பாடுவது வழக்கமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டே பாடியதில் மெட்டுகள் தேய்ந்து, ஆளுக்கொரு பாதையாகப் பிரிந்துவிட்டன. தாமஸ் சிம்ஸ் போன்ற போதகர்கள் 1720 வாக்கில், சபையார் இசைக்குறிப்பைப் படித்துப் பாடக் கற்க வேண்டும் என்று எழுதினார்கள். முன்னோர் பாடிய பழைய முறையே இனிமை, இது புதுப் பித்து என்று எதிர்ப்புக் கிளம்பியது. இருந்தும் 1721இல் ஜான் டஃப்ட்ஸ் வெளியிட்ட சிறு நூல் போன்றவை பரவின. ஊர் ஊராகப் போய்ச் சில வாரங்கள் தங்கிப் பாட்டுப் பள்ளி நடத்தும் ஆசிரியர்கள் தோன்றினார்கள். 1801இல் வந்த ‘தி ஈசி இன்ஸ்ட்ரக்டர்’ என்ற நூல் இன்னும் ஒரு படி போய், ஸ்வரக்குறிகளின் தலைக்கே வடிவம் கொடுத்தது: முக்கோணம் ஃபா, வட்டம் ஸோல், சதுரம் லா, வைரம் மி. வடிவத்தைப் பார்த்தாலே ஸ்வரம் தெரிந்துவிடும். 1844இல் ஜார்ஜியாவில் தொகுக்கப்பட்ட ‘தி சேக்ரட் ஹார்ப்’ இந்த முறையில் அச்சிடப்பட்டது; தென்மாநிலங்களில் இன்றைக்கும் அதை வைத்துப் பாடும் கூட்டங்கள் நடக்கின்றன. அவர்கள் ஒரு பாட்டை எடுத்தால் முதலில் சொற்களை விட்டுவிட்டு ஸ்வரப் பெயர்களைப் பாடுவார்கள். அதன்பிறகே பாடல் வரிகள். வயல்வேலை செய்து முடித்துவந்த குடும்பங்கள், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு குரலில் படித்துப் பாடிய மரபு அது. இசையைப் படிப்பது மேட்டுக்குடியின் அலங்காரம் என்று யாராவது சொன்னால், இந்த விவசாயிகளின் வரலாற்றைத்தான் நான் முதலில் எடுத்துக்காட்டுவேன். 1838இல் போஸ்டன் நகரப் பள்ளிகளில் லோவெல் மேசன் பாட்டைப் பாடமாக்கியபோது, அவருக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இந்தப் பாட்டுப் பள்ளிகளின் அனுபவம் நின்றது.

பிள்ளைகளின் வலது கையில் ஓடும் அந்தச் சைகைகளும் இதே எண்ணத்திலிருந்து பிறந்தவை. இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, குழந்தைகள் எளிதில் பாடப் படிக்க வேண்டும் என்பதற்காக ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். ஜான் கர்வென் என்ற போதகர் அதை எடுத்து வளர்த்து, டானிக் சோல்ஃபா என்று ஞாயிறுப் பள்ளிகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார். பியானோ வாங்க வழியில்லாதவர்களும் நான்கு குரலில் பாட அது வழி திறந்தது. வேல்ஸ், தென்னாப்பிரிக்கா என்று போன அந்த முறை மிசோரம் வரை வந்து, அங்குள்ள பாட்டுப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. ஹங்கேரியில் சோல்தான் கோடாய் கர்வெனின் கைச்சைகைகளைத் தம் கல்விமுறைக்குள் சேர்த்தார். அவர் வழியாகத்தான் அவை அமெரிக்கப் பள்ளி வகுப்பறைக்கு வலுவாக வந்தன. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அக்கறை ஒன்றே: ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்த மனிதர் பாட வேண்டும். மேடைப்பாட்டு ஆசிரியரின் கையசைவில் உயிர்வாழ்கிறது. படித்துப் பாடும் திறன் பிள்ளையின் சொத்து. ஊர் மாறினாலும், பள்ளி முடிந்தாலும் கூடவே போகும்.

டெக்சாஸின் ஒரு சட்டம் இந்த வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டுகிறது. 1984இல் நிறைவேறிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு மக்கள் வைத்த பெயர் ‘நோ பாஸ், நோ ப்ளே’. எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே மதிப்பெண் வாங்கிய மாணவர் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. தொடக்கத்தில் ஆறு வாரம் வெளியே நிற்க வேண்டியிருந்தது. 1995இல் அதை மூன்று வாரமாகத் தளர்த்தினார்கள். கால்பந்தை மனத்தில் வைத்து எழுந்த விதி என்றாலும் கொயருக்கும் அது பொருந்தும். அதனால் மதிப்பீட்டுக்கு முந்தைய வாரங்களில் இயற்கணிதத்திலோ வேதியியலிலோ சறுக்கிய பிள்ளைகள் பட்டியலிலிருந்து விழுவார்கள். பள்ளிகளில் டெனார் குரல் எப்போதும் பஞ்சம். அந்த வரிசையில் இரண்டு பேர் போனாலே குழு தள்ளாடும். கேட்டுப் பழகிய குழுவாக இருந்தால், போன இருவரின் குரலில் தொங்கிக்கொண்டிருந்த மற்றவர்களும் சேர்ந்து விழுவார்கள். மாதக்கணக்கில் கட்டிய கட்டடம் ஒரு தூண் போனதும் சாயும். ஒவ்வொருவரும் தன் வரிசையைத் தானே படிக்கத் தெரிந்த குழுவில் ஒலி மெலியும், ஆனால் இசை நிற்கும். ஒரு வரிசையில் ஆள் குறைந்தால் இன்னொரு வரிசையிலிருந்து ஒருவரை நகர்த்தலாம். அவர் புது வரிசையைப் பார்த்துப் பாடிவிடுவார். சட்டத்தின் நியாயம் வேறு விவாதம். ஆனால் அது ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சோதனையை நடத்திவிடுகிறது: குழுவின் அறிவு எல்லோரிடமும் இருக்கிறதா, அல்லது யாரோ நான்கு பேரிடம் மட்டும் இருக்கிறதா என்ற சோதனை.

எதிர்த்துச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, இது இசையே இல்லை என்பது. முன்பின் பார்க்காத தாளைத் தப்பில்லாமல் ஒப்பிப்பது இயந்திர வேலை, உணர்ச்சி எங்கே, சொல்லின் பொருள் எங்கே என்று நல்ல இசை ஆசிரியர்களே கேட்கிறார்கள். அந்த அறைக்காக எழுதப்படும் பாட்டுகள் பெரும்பாலும் கலைப்படைப்புகள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடைவெளிகளையும் தாளச் சிக்கல்களையும் சோதிக்கவென்றே கட்டப்பட்டவை அவை. ஆனால் உணர்ச்சி எப்போது வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஸ்வரம் கற்பிப்பதிலேயே வகுப்பு நேரம் முழுதும் கரைந்துபோகும் குழுவில், பொருளைப் பற்றிப் பேசவே நேரம் மிஞ்சாது. பியானோவில் ஒவ்வொரு வரிசையையும் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுக்கும்போது, மற்ற மூன்று வரிசைப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். படிக்கத் தெரிந்த குழு முதல் நாளிலேயே பாட்டின் உருவத்தைக் கேட்டுவிடும். மீதி வாரங்கள் எல்லாம் மூச்சுக்கும் சொல்லுக்கும் அழகுக்கும். ஆண்டுக்கு ஐந்து பாட்டு பாடும் குழுவுக்கும் இருபது பாட்டு பாடும் குழுவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பாலஸ்த்ரீனாவின் மறுமலர்ச்சிக் காலப் பாட்டும், மோசஸ் ஹோகன் அமைத்த ஆப்பிரிக்க அமெரிக்க ஆன்மிகப் பாடலும் ஒரே ஆண்டில் ஒரு பிள்ளையின் வாயில் வர வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானதும்கூட. உலகத்தின் பெரும்பாலான இசை காதால் கேட்டு வாயால் கற்றுக்கொண்டது. தாளைப் படிப்பதை அளவுகோலாக்கினால் அந்த மரபுகளையெல்லாம் தாழ்த்துவதாகாதா? ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆன்மிகப் பாடல்கள் அடிமை வாழ்வின் நடுவே வாய்மொழியாகவே வளர்ந்தவை. ஆனால் அவற்றை உலகம் கேட்டது எப்படி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871இல் டென்னசியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டப் புறப்பட்ட ஜூபிலி பாடகர்கள், காதில் வாங்கிய பாட்டைக் குரல்வரிசைகளாக அமைத்துப் பாடினார்கள். பிறகு அவை அச்சிலும் ஏறின. வாய்மொழியும் எழுத்தும் அங்கே பகையாளிகளாக இருக்கவில்லை. நம் சங்கீதமும் அப்படித்தான். குருமுகமாகக் கற்பது என்கிறோம். ஆனால் சரளி வரிசையில் தொடங்கும் குழந்தை முதல் நாளிலிருந்து ஸ்வரப் பெயர்களைச் சொல்லித்தான் பாடுகிறது. எந்தச் சுருதியில் நின்றாலும் அது ஸ, அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதே ஸ்வரம் என்ற அறிவு அதற்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது. கொயரில் பழகும், சுருதிக்கேற்ப டோ இடம்மாறும் ‘அசையும் டோ’ முறை சொல்வதும் இதையேதான். அந்த அறையில் சோதிக்கப்படுவது காகிதத்திலுள்ள மையைவிட, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள உறவைக் குரல் எழும் முன்பே கேட்கும் உள்காது. அதனால்தான் வாரக்கடைசியில் பாட்டு வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் கொயரில் சைட் ரீடிங்கை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தடுக்கும் இடமும் அவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. பல டெக்சாஸ் பள்ளிகளில் மைனர் சுருதிப் பாட்டுக்கு ஆதார ஸ்வரத்தை லா என்று அழைப்பார்கள். நம் பிள்ளைக்கோ ஆதாரம் எதுவானாலும் அது ஸ. அந்த மைனர் பாட்டில் நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களைக் காது கேட்கும்போது, அதன் ஸவை லா என்று சொல்ல வாய் மறுக்கும். சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் நடபைரவி பிறக்கும் என்ற கிரகபேதத்தை யாராவது ஒருமுறை காட்டிக்கொடுத்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். இரண்டு மரபும் தெரிந்த பிள்ளைக்கு அதன்பிறகு இரண்டுமே புதிதாகக் கேட்கும். எழுத்தறிவு காதறிவை அழித்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் தெரியவில்லை.

மூன்றாவது, வசதி. பெரிய பள்ளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருப்பார்கள். நடுநிலைப் பள்ளியிலேயே கொயர் உண்டு. தனிப்பட்ட முறையில் குரல்பயிற்சி தர ஆசிரியர்கள் பள்ளிக்கே வருவார்கள். புழுதி பறக்கும் மேற்கு டெக்சாஸின் சின்ன ஊரில் ஒரே ஆசிரியர் பேண்டையும் கொயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா? பள்ளியின் அளவையும் குழுவின் நிலையையும் வைத்து வகைப்பிரித்து, வாசிக்கக் கொடுக்கும் பாட்டின் கடினத்தையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள் என்பது பாதி விடை. மீதிப் பாதியை நான் இப்படிப் பார்க்கிறேன். பணம் மேடையில்தான் அதிகம் பேசுகிறது. திறமையான பியானோ பக்கவாத்தியம், குரல்பயிற்சியாளர், பிரிவுப் பயிற்சிக்குக் கூடுதல் ஆள், எதிரொலி சரியாக அமைந்த பயிற்சிக்கூடம் எல்லாம் அங்கே காதுக்குத் தெரியும். படித்துப் பாடக் கற்பதற்கு வேண்டியது ஒரு பலகை, ஒரு சுண்ணக்கட்டி, நாள் தவறாத பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற ஓர் ஆசிரியர் அதே பள்ளியில் தங்க வேண்டும் என்பதுதான் உண்மையான தடை. ஆண்டுக்கொருவர் வந்து போகும் பள்ளியில் முதலில் உதிர்வது இந்தத் திறன்தான். ஆகவே அந்த அறையில் வாங்கும் குறைந்த தரம், பிள்ளைகள்மீது விழும் பழியாக இருக்கக் கூடாது. ஏன் இங்கே ஆசிரியர் தங்குவதில்லை என்று கல்வி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்க உதவும் சான்றாக அதைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடையின் தரம் இந்தக் கேள்வியை மறைத்துவிடும். எளிய பாட்டுகளைத் திருத்தமாகப் பாடிய குழு நல்ல தரத்தோடு வீடு திரும்பிவிடும்.

பயத்தைப் பற்றிய நான்காவது எதிர்ப்பில் உண்மை அதிகம். பதின்வயதுப் பையனின் குரல் அந்த வருடம்தான் உடைந்துகொண்டிருக்கும். நேற்று இருந்த ஸ்வரம் இன்று இருக்காது. மேடைப்பாட்டில் ஆசிரியர் அவனுக்கு எட்டும்படி வரிசையைத் திருத்தி வைக்கலாம், அந்த அறையில் அதற்கு இடம் குறைவு. இரண்டு குரல், மூன்று குரல், நான்கு குரல் என்று குழுவின் அமைப்புக்கேற்ப வேறுவேறு பாட்டுகள் இருந்தும் எல்லோருக்கும் பொருந்திவிடாது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாய்ப்பு என்பதும் கொடுமைதான். ஆனால் இந்தப் பயத்தில் பெரும்பங்கு பாட்டால் வருவதா, கோப்பையால் வருவதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1920களில் அமெரிக்காவில் பள்ளி இசைப் போட்டிகள் முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தியே நடந்தன. 1930களில்தான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடாமல் ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுத் தரம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். எல்லோரும் ஒன்று வாங்கலாம், யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டாம் என்பது அந்த மாற்றத்தின் பொருள். ஸ்வீப்ஸ்டேக்ஸ் அந்த நல்ல மாற்றத்துக்குள் பழைய போட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பள்ளி முகப்பின் கண்ணாடி அலமாரியில் வருடவாரியாகக் கோப்பைகள் வரிசையாக நிற்கும்போது, ஒரு வருடத்து வெற்றிடம் எல்லோர் கண்ணையும் உறுத்தும். ஆசிரியரின் வேலை அதைப் பொறுத்து எடைபோடப்படும். அந்த அழுத்தம் முழுவதும் கடைசியில் அந்த இரண்டாவது அறைக்குள் வந்து இறங்குகிறது. மேடையில் ஒன்று வாங்கிய குழு அங்கே இரண்டு வாங்கிவிட்டால் கோப்பை போச்சு. பிள்ளைகள் நடுங்குவது இதற்காகத்தான். இதற்கு மருந்தாகச் சைட் ரீடிங்கை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் நோயை விட்டுவிட்டு உறுப்பை வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டியது இரண்டையும் சேர்த்துக் கட்டும் கோப்பையை. தரம் வேண்டாம், கருத்து மட்டும் எழுதித் தாருங்கள் என்று குழுக்கள் கேட்டுக்கொள்ளும் வழி ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் இருக்கிறது. தடுமாறும் குழுவும் புதிய ஆசிரியரும் அந்த வழியைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும் நிலை வர வேண்டும்.

நடுவர்களின் குறிப்புத்தாள் யாருடைய கைக்குப் போகிறது என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அது ஆசிரியரின் மேசை இழுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. ஆல்ட்டோ வரிசை மூன்றாவது பத்தியில் தாவும்போது கீழே விழுந்தது, பாஸ் வரிசை மெல்லப் பாட வேண்டிய இடத்தில் வேகம் கூட்டியது என்றெல்லாம் எழுதியிருப்பது அந்தப் பிள்ளைகளைப் பற்றி. வகுப்பில் அதை உரக்கப் படித்து, அதே பாட்டை மறுபடி எடுத்து, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்கவிட வேண்டும். மதிப்பீடு முடிந்த மறுநாள் கொயர் அறையில் திரைப்படம் போட்டு ஓய்வு கொடுக்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. களைத்த பிள்ளைகளுக்கு அது வேண்டும்தான். அதற்கு அடுத்த நாளாவது அந்தத் தாளைத் திறக்கலாம்.

பள்ளி முடிந்த பிறகு என்ன என்ற கேள்விதான் இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது. ஹூஸ்டனிலும் டாலஸிலும் சிம்ஃபனி இசைக்குழுக்களோடு பாடும் பெரிய தன்னார்வக் கொயர்கள் இருக்கின்றன. நர்சுகளும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மாலையில் வேலை முடிந்து வந்து பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியெம்’ போன்ற படைப்புகளைப் பாடுகிறார்கள். சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வரிசையாகத் தட்டிச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமும் கிடையாது. சேரும்போதே ஒரு தாளைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்வார்கள். ஊர்த் தேவாலயக் கொயர்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும், படிக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் அவரைச் சுற்றித்தான் அந்த வரிசை நிற்கும். டெக்சாஸ் பள்ளிகளில் வருடந்தோறும் கொயரில் பாடிவிட்டு வெளியேறும் பிள்ளைகளில் மிகப் பலர், பதினெட்டு வயதோடு பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வேலை, கல்யாணம், குழந்தை என்று காரணங்கள் இருக்கும். ஆனால் முப்பத்தைந்து வயதில் திரும்பிவர ஆசைப்படும் ஒருவருக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த மூன்று பாட்டு அங்கே உதவாது. கையில் கொடுக்கப்படும் தாளைப் பாடத் தெரிந்தால் அந்த வாரமே வரிசையில் இடம் கிடைக்கும். ஜனவரியில் மேடைப்பாட்டுக்காக நேரம் போதவில்லை என்று வகுப்பின் முதல் பத்து நிமிடச் சைட் ரீடிங்கை நிறுத்திவைக்க நினைக்கும் ஆசிரியரிடம், அந்த முப்பத்தைந்து வயதுக்காரரின் சார்பில் பேச யாரும் இருப்பதில்லை. பள்ளியின் இசைப் பெற்றோர் சங்கக் கூட்டங்களில் பேருந்துச் செலவுக்கும் சீருடைக்கும் ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து இதைக் கேட்கலாம்: இந்த ஆண்டு நம் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள், முன்பின் பார்த்திராத ஒரு பாட்டைப் பாடுகிறார்கள்?